கோட்டை வழியே எல்லையை வாசித்தல்: அந்தலூசிய மரபுப் பயணத்தடம் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தென் ஸ்பெயினின் அந்தலூசியப் பகுதியில் 13 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை காஸ்தில் அரசுக்கும் கிரனாடாவின் நஸ்ரி அரசுக்கும் இடையே ஓர் எல்லை நிலவியது. அவ்வெல்லையின் ஊர்களும் கோட்டைகளும் இன்று மரபுப் பயணத்தடங்களாக இணைக்கப்பட்டுள்ளன. இத்தடங்களுள் ஒன்றின் பெயர், திசை, நிறுத்தங்கள் ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஒரு பனுவலின் கூறுகளாகக் கொண்டு ஆராய்கிறது. அதே எல்லையில் பிறந்த காஸ்தில்மொழிக் கதைப்பாடல்களோடும் எல்லை வாழ்வை நெறிப்படுத்திய சட்ட ஏற்பாடுகளோடும் அவை ஒப்புநோக்கப்படுகின்றன. கோட்டையை அலகாகக் கொண்ட தடம் எல்லையை முற்றுகைகளின் வரிசையாகச் சுருக்குகிறது என்பதும், கோட்டைகளுக்கிடையே நடந்த மனிதர்களின் வழியைச் சேர்க்கும்போதே எல்லை முழுமையாகப் புலப்படும் என்பதும் இக்கட்டுரையின் முடிவுகள்.

குறிச்சொற்கள்: மரபுப் பயணத்தடம், எல்லைப்புறம், கோட்டை, கதைப்பாடல், கிரனாடா, சிறைமீட்பு.

முன்னுரை

மரபுப் பயணத்தடம் என்பது சாலையன்று, வாசிப்பு. எந்த ஊரில் தொடங்குவது, எதைப் பார்ப்பது, எங்கே முடிப்பது என்று தீர்மானிப்பவர் பழைய நிலப்பரப்பின்மேல் ஒரு கதையை அமைக்கிறார். கதைக்குத் தொடக்கமும் உச்சமும் முடிவும் இருப்பதுபோலத் தடத்திற்கும் உண்டு. ஆகவே இலக்கியப் பனுவலிடம் கேட்கும் வினாக்களைத் தடத்திடமும் கேட்கலாம். அது யாருடைய பார்வையில் சொல்லப்படுகிறது? எதைச் சொல்கிறது? எதைச் சொல்லாமல் விடுகிறது?

இவ்வினாக்களுக்கு அந்தலூசியா பொருத்தமான களம். அங்கு ஆர்கோஸ், ஹெரெஸ், ஹிமேனா, கஸ்தெயார் முதலிய ஊர்கள் இன்றும் தம் பெயரின் ஈற்றில் ‘தெ லா ஃப்ரொந்தெரா’ என்ற தொடரைத் தாங்கி நிற்கின்றன. ‘எல்லைப்புறத்தைச் சேர்ந்த’ என்பது அதன் பொருள். எல்லை 1492இல் மறைந்துவிட்டது. பெயர் மட்டும் எஞ்சியது. மறைந்த எல்லையைப் பயணிக்கு மீண்டும் காட்டுவதே இத்தடத்தின் பணி. அப்பணியை அது எவ்வளவு தூரம் நிறைவேற்றுகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

தடமும் அதன் பெயரும்

அந்தலூசியாவின் இசுலாமிய மரபை மையமாகக் கொண்ட ‘எல் லெகாதோ அந்தலூசி’ தடங்களை ஐரோப்பியப் பேரவை 1997இல் தன் பண்பாட்டுத் தடங்களுள் ஒன்றாக ஏற்றது. இத்தொகுதியில் பல கிளைத்தடங்கள் உள்ளன. அவற்றுள் ‘முராபித்துகள், முவஹ்ஹிதுகள் தடம்’ என்பது ஜிப்ரால்டர் நீரிணைக் கரையிலிருந்து கிரனாடா நோக்கிச் செல்வது. தாரிஃபா, கஸ்தெயார், ஹிமேனா, ஹெரெஸ், ஆர்கோஸ், சாரா, ஒல்வேரா, செத்தெனில், ரோந்தா, அல்ஹாமா ஆகிய எல்லைப்புற ஊர்களை இத்தடமே இணைக்கிறது.

பெயரிலேயே ஒரு காலமுரண் இருக்கிறது. முராபித்துகள் வட ஆப்பிரிக்காவிலிருந்து 1086இல் ஐபீரியத் தீவக்குறைக்குப் படையுடன் வந்தவர்கள். அவர்களுக்குப் பின் 12ஆம் நூற்றாண்டின் நடுவில் முவஹ்ஹிதுகள் ஆட்சியைப் பிடித்தனர். 1212இல் நாவாஸ் தெ தோலோசா போரில் தோற்று, அடுத்த இருபதாண்டுகளில் தீவக்குறையில் செல்வாக்கிழந்தனர். இவ்விரு மரபினர் காலத்திலும் கிறித்தவ அரசுகளுடனான எல்லை வடக்கே வெகுதொலைவில் இருந்தது. ஆர்கோஸும் ஹெரெஸும் அப்போது எல்லையூர்களல்ல, உள்நாட்டு ஊர்கள்.

அவை எல்லையூர்களானது பின்னர்தான். 1246இல் ஹாயேன் நகரைக் காஸ்தில் மன்னன் மூன்றாம் ஃபெர்னாந்தோவிடம் ஒப்படைத்து, அவனுக்குத் திறை செலுத்தவும் இசைந்ததன் மூலம் நஸ்ரி மரபின் முதலாம் முஹம்மது தன் அரசைத் தக்கவைத்துக்கொண்டான். 1264இல் காஸ்தில் ஆட்சிக்குட்பட்ட முசுலிம்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் ஹெரெஸ், ஆர்கோஸ் பகுதிகளின் முசுலிம் மக்கள் வெளியேற்றப்பட்டு அங்கே புதுக்குடிகள் அமர்த்தப்பட்டனர். ஊர்ப்பெயரில் உள்ள ‘எல்லைப்புறம்’ இந்த நிகழ்வுகளின் விளைவு. ஹெரெஸ் கோட்டைக்குள் உள்ள பள்ளிவாசல் போன்ற முவஹ்ஹிது காலக் கட்டடங்கள் இத்தடத்தில் உண்டென்பது மறுக்கத்தக்கதன்று. ஆயினும் ஊர்களுக்கு ‘எல்லைப்புறம்’ என்ற பெயரை அளித்த இருநூற்றைம்பது ஆண்டுகளைத் தடத்தின் பெயர் சுட்டவில்லை. கட்டியவர் பெயரைச் சொல்லும் தடம், எல்லையில் வாழ்ந்தவர் காலத்தைச் சொல்லாமல் விடுகிறது.

தடத்தின் திசை

இத்தொகுதியின் முதன்மைத் தடங்கள் கிரனாடாவில் முடிகின்றன. கலீஃபகத் தடம் கோர்தோபாவிலிருந்தும், நஸ்ரிகள் தடம் நாவாஸ் தெ தோலோசாவில் தொடங்கி ஹாயேன் வழியாகவும், வாஷிங்டன் இர்விங் தடம் செவில்லிலிருந்தும் அங்கு வந்து சேர்கின்றன. இர்விங் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1829இல் செவில்லிலிருந்து கிரனாடாவுக்குப் பயணம் செய்தார். 1832இல் அல்ஹம்ப்ரா பற்றிய அவர் நூல் வெளியானது.

இத்தொடக்க ஊர்களின் வரிசையை வரலாற்றோடு பொருத்திப் பார்க்கலாம். நாவாஸ் தெ தோலோசா 1212, கோர்தோபா 1236, ஹாயேன் 1246, செவில் 1248, இறுதியாகக் கிரனாடா 1492. தடத்தை அமைத்தவர்கள் இதை எண்ணியிருக்க வேண்டியதில்லை. அல்ஹம்ப்ரா என்னும் பேரழகு இறுதியில் அமைவது பயணிக்கு இயல்பாகவே உகந்தது. எனினும் பனுவலின் பொருள் ஆக்கியோன் நோக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. இசுலாமிய மரபைக் கொண்டாட அமைந்த தடத்தில் செல்லும் பயணி, தன்னை அறியாமலே காஸ்தில் படை முன்னேறிய திசையில் நடக்கிறார்.

எதிர்த்திசையிலும் மக்கள் நடந்திருக்கிறார்கள். 1568இல் தொடங்கிய அல்புஹார்ராஸ் கிளர்ச்சிக்குப்பின், 1570இல் கிரனாடாப் பகுதியின் மொரிஸ்கோக்கள், அதாவது கட்டாய மதமாற்றத்திற்கு ஆளான முசுலிம் வழியினர், பெருந்திரளாகக் காஸ்தில் நாட்டின் உட்பகுதிகளுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். 1609 முதல் 1614 வரை அவர்கள் ஸ்பெயினை விட்டே வெளியேற்றப்பட்டனர். கிரனாடாவில் தொடங்கி வெளியே செல்லும் தடம் ஒன்று இருந்திருந்தால், இவ்வரலாறு அதன் முதல் நிறுத்தத்திலேயே பேசப்பட்டிருக்கும்.

கோட்டையின் வரம்பு

தடத்தின் மூன்றாவது கூறு அதன் நிறுத்தங்கள். பெரும்பாலான எல்லையூர்களில் பயணியை நிறுத்துவது கோட்டையே. கோட்டை உயர்ந்த இடத்தில் நிற்கிறது; தொலைவிலிருந்தே தெரிகிறது; நெடுங்காலம் அழியாதிருக்கிறது. ஆயினும் சான்று என்ற நிலையில் அது எளிதில் பிறழ வாசிக்கத்தக்கது. தடத்தின் ஊர்கள் மூன்றைக் கொண்டு இதை விளக்கலாம்.

முதலாவது தாரிஃபா. அங்குள்ள கோட்டை ‘குஸ்மான் எல் புவேனோ கோட்டை’ எனப்படுகிறது. அதைக் கட்டியவன் கோர்தோபாவின் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான். 960ஆம் ஆண்டைக் குறிக்கும் அரபுக் கல்வெட்டு இதற்குச் சான்று. 1292இல் காஸ்தில் மன்னன் நான்காம் சாஞ்சோ தாரிஃபாவைக் கைப்பற்றினான். 1294 முற்றுகையின்போது, கோட்டையை ஒப்படைக்காவிடில் மகனைக் கொல்வோம் என்று பகைவர் மிரட்ட, காவலன் குஸ்மான் தன் குறுவாளையே கீழே வீசினான் என்பது புகழ்பெற்ற மரபுக்கதை. முற்றுகையிட்டோரில் மரீனி மரபின் மொரோக்கப் படையினருடன் காஸ்தில் மன்னனின் உடன்பிறந்தான் ஹுவானும் இருந்தான். இரு மதங்கள் எதிரெதிரே நின்ற நேர்க்கோடாக எல்லையைக் கொள்ளும் பார்வை இங்கேயே தளர்கிறது. கோட்டையின் பெயர் குஸ்மானை நினைவூட்டுகிறது. கட்டிய கலீஃபாவையும் முற்றுகையிட்ட இளவரசனையும் நினைவூட்டுவதில்லை.

இரண்டாவது ஹிமேனா. 1431இல் காஸ்தில் வசமாகி, 1451இல் கிரனாடாவிடம் திரும்பி, 1456இல் மீண்டும் காஸ்தில் வசமானது. இருபத்தைந்தாண்டுகளில் மூன்று முறை ஆட்சி மாறிய ஊரில், ஒரு தலைமுறைக்குள்ளேயே பலரின் வீடும் வழிபாடும் வரியும் மாறியிருக்கும். கோட்டைச் சுவரோ இம்மாற்றங்கள் அனைத்திற்கும் பின்னும் ஒரே சுவராக நிற்கிறது.

மூன்றாவது ஒல்வேரா. பதினோராம் அல்ஃபோன்சோ 1327இல் இவ்வூரைக் கைப்பற்றியபின் குடியேற்ற உரிமைப் பட்டயம் ஒன்றை வழங்கினான். கொலைக்குற்றம் புரிந்தவரும் அங்கு வந்து ஓராண்டும் ஒரு நாளும் தங்கிக் காவல்புரிந்தால் மன்னிப்புப் பெறலாம் என்பது அதன் சிறப்பு விதி. கொலை செய்தவன் போய்ச்சேர வேண்டிய ஊர் ஒல்வேரா என்னும் பொருள்படும் பழமொழியும் ஸ்பானிய மொழியில் உண்டு. எல்லையூரில் தாமாக விரும்பிக் குடியேற ஆள் கிடைப்பது அரிதாக இருந்தது என்பதை இவ்விதி காட்டுகிறது. வீரரின் இருப்பிடமாகத் தோன்றும் கோட்டையில் குற்றவாளிகளும் காவல்நின்றனர். இதைச் சொல்வது பட்டயம், கல் சொல்வதில்லை.

புறத்திணை நோக்கில் எல்லை

இக்குறைபாட்டைத் தெளிவாக்கத் தமிழ்ப் புறத்திணைப் பாகுபாடு ஒரு கருவியாகப் பயன்படும். ஸ்பானிய வரலாற்றுக்கும் தமிழ் மரபுக்கும் உறவு கற்பிப்பது இங்கு நோக்கமன்று. போரின் கூறுகளைப் பிரித்துக் காணும் முறை மட்டுமே கடனாகக் கொள்ளப்படுகிறது.

தொல்காப்பியம் ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் வெட்சியுள் அடக்கும். மதில் வளைத்தலையும் காத்தலையும் உழிஞையுள் அடக்கும். புறப்பொருள் வெண்பாமாலை இவற்றை வெட்சி, கரந்தை, உழிஞை, நொச்சி என நான்காகப் பிரிக்கும். இரு நூல்களிலும் ஒன்று பொதுவானது: ஆநிரை பற்றிய போர் வேறு, அரண் பற்றிய போர் வேறு என்னும் தெளிவு. முன்னது நகர்வனவற்றைப் பற்றியது. பின்னது நிலைத்திருப்பதைப் பற்றியது.

கிரனாடா எல்லையின் அன்றாடப் போர் பெரும்பாலும் முன்னதன் இயல்புடையது. பெரும் முற்றுகைகள் சில; கால்நடைகளையும் மனிதர்களையும் கவர்ந்து செல்லும் திடீர்த் தாக்குதல்களோ பல. போர்நிறுத்த உடன்படிக்கை நடப்பிலிருந்த காலத்திலும் இவை நிற்கவில்லை. கோட்டையை அலகாகக் கொண்ட தடம் உழிஞையையும் நொச்சியையும் மட்டுமே காட்டவல்லது. வெட்சியும் கரந்தையும் நிகழ்ந்த வெளி ஒரு கோட்டைக்கும் அடுத்த கோட்டைக்கும் இடைப்பட்ட நிலம். பயணி அதனைக் காரில் கடந்து செல்கிறார்.

கோட்டைகளுக்கிடையே நடந்தவர்கள்

அவ்விடைநிலத்திற்கென்றே சில பதவிகள் இருந்தன. அவற்றுள் முதன்மையானது ‘அல்ஃபக்கேக்கே’ எனப்பட்ட சிறைமீட்பாளர் பதவி. விடுவிப்பவர் என்று பொருள்படும் அரபுச் சொல்லின் காஸ்தில் வடிவம் அது. 13ஆம் நூற்றாண்டில் பத்தாம் அல்ஃபோன்சோ தொகுப்பித்த ‘சியெத்தே பார்த்திதாஸ்’ சட்டநூல் இவருக்கென்று தனித் தலைப்பு வகுக்கிறது. உண்மை பேசுதல், பேராசையின்மை, மறுபுறத்தார் மொழியறிவு, பகை பாராட்டாமை, துணிவு, சொந்தப் பொருளுடைமை என ஆறு தகுதிகளை அது வேண்டுகிறது. அரசக் கொடியை உயர்த்திப் பிடித்து நேரான பெருவழியில் செல்ல வேண்டும் என்றும் விதிக்கிறது. எல்லைக்கென்று சட்டமே வகுத்த ஒரு தடம் அன்றே இருந்தது என்பதற்கு இது சான்று. அது கோட்டையிலிருந்து கோட்டைக்குச் செல்லும் தடமன்று. சிறையிலிருந்து வீட்டுக்குச் செல்லும் தடம்.

மற்றொருவர் கால்தடம் பார்ப்பவர். களவுபோன மாட்டின் அல்லது கடத்தப்பட்ட மனிதரின் தடத்தைப் பின்தொடர்ந்து, அது அடுத்த ஊரின் எல்லைக்குள் நுழையுமிடத்தில் அவ்வூர்த் தடங்காண்போரிடம் அதனை ஒப்படைப்பது அவர் வேலை. தடம் யார் எல்லையில் முடிகிறதோ அவ்வூரே பொறுப்பேற்க வேண்டும். ஹாயேன் நகரமன்றத்தின் 1479ஆம் ஆண்டுப் பதிவுகளைக் கொண்டு ஹுவான் தெ மாத்தா கார்ரியாசோ எழுதிய ஆய்வு, கிரனாடாவோடு நிலவிய இத்தகைய அன்றாட நடைமுறைகளை வெளிப்படுத்தியது. இவர்களுக்கு மேலே, இரு தரப்பு மக்களுக்கும் இடையிலான வழக்குகளைத் தீர்க்கக் ‘கிறித்தவர்க்கும் மூர்களுக்கும் இடைப்பட்ட நீதிபதி’ என்றே பெயர்பெற்ற அலுவலர் இருந்தார். வணிகமும் நடந்தது, கிரனாடாவிலிருந்து வரும் சரக்குக்குப் பத்தில் ஒரு பங்கும் அதன் பாதியும், அதாவது நூற்றுக்குப் பதினைந்து, சுங்கமாகப் பெறப்பட்டது.

இவர்கள் எவரும் கல்லில் எதையும் விட்டுச்செல்லவில்லை. காண்பதற்கு எஞ்சியதையே வரலாறாகக் கொள்ளும் தடத்தில் அவர்களுக்கு நிறுத்தமில்லாதது வியப்பன்று. எனினும் இரு அரசுகளுக்கிடையே பகைநிலத்தை எல்லையாக, அதாவது விதிகளுக்குட்பட்ட வெளியாக, ஆக்கியவர்கள் இவர்களே.

கதைப்பாடல் காட்டும் எல்லை

எல்லையின் நடமாட்டத்தைப் பதிவுசெய்த பனுவல் கோட்டையன்று, கதைப்பாடல். 15ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சிகளைப் பாடும் ‘எல்லைக் கதைப்பாடல்கள்’ காஸ்தில் மொழியின் வாய்மொழி இலக்கியத்தில் தனிவகையாக மதிக்கப்படுகின்றன.

ஆலோரா முற்றுகைப் பாடல் இதற்குத் தக்க சான்று. 1434இல் அவ்வூர் முற்றுகையில் காஸ்தில் படைத்தலைவன் தியேகோ கோமெஸ் தெ ரிபேரா இறந்ததை அது பாடுகிறது. பாடல் முதலில் காட்டுவது படைத்தலைவனின் சாவையன்று. ஊரிலிருந்து கோட்டைக்குள் ஓடும் முசுலிம் மக்களை. பெண்கள் துணியையும், ஆண்கள் மாவையும் கோதுமையையும், இளம்பெண்கள் பொன்னையும், சிறுவர்கள் உலர்ந்த பழங்களையும் சுமந்து ஓடுகிறார்கள். வெற்றுச்சுவராக எஞ்சிய ஒரு கோட்டை அன்று யாரால், எதனால் நிறைந்திருந்தது என்பதைப் பகைவரின் மொழியிலுள்ள இப்பாடலே காத்துவைத்திருக்கிறது.

அல்ஹாமாவின் வீழ்ச்சி பற்றிய பாடல் இன்னும் ஒருபடி செல்கிறது. 1481இன் இறுதியில் கிரனாடா மன்னன் சாரா கோட்டையைக் கைப்பற்றினான். 1482 பிப்ரவரி இறுதியில் காஸ்தில் படை அல்ஹாமாவைப் பிடித்தது. பாடல் வென்றவரின் மொழியில் அமைந்தது. புலம்பலோ தோற்ற மன்னனுடையது. வென்றவர் மொழி தோற்றவர் துயரத்திற்கு இடமளிக்கும் இப்பண்பை ஜார்ஜ் சிரோ என்ற பிரெஞ்சு அறிஞர் ‘இலக்கிய மூர்நேயம்’ என்று குறித்தார்.

இந்நேயத்தையும் ஐயமின்றி ஏற்பதற்கில்லை. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் தோன்றிய ‘அபென்செர்ராஹே’ என்னும் புனைகதையில், அந்தெக்கேரா, ஆலோரா ஆகியவற்றின் காவலன் ரொத்ரிகோ தெ நர்வாயெஸ் தன்னிடம் சிறைப்பட்ட மூர் வீரனை அவன் காதலியைக் காண வாக்கின்பேரில் விடுவிக்கிறான். வீரன் சொன்னபடி திரும்பி வருகிறான். நர்வாயெஸ் 1424இல் இறந்தவன். ஆலோராவைக் காஸ்தில் கைப்பற்றியது 1484இல்தான். தான் ஒருபோதும் ஆளாத கோட்டைக்குக் கதை அவனைக் காவலனாக்கியது. நூல் வெளிவந்து அரை நூற்றாண்டுக்குள் மொரிஸ்கோக்கள் வெளியேற்றப்பட்டனர். கதையில் மூரைப் போற்றுவதும் நாட்டில் அவன் வழியினரைத் துரத்துவதும் ஒரே சமூகத்தில் நிகழக்கூடியவை. மரபுத்தடத்திற்கு இது நேரடியான எச்சரிக்கை. மறைந்தவரின் கலையைக் கொண்டாடுவது, அவர்கள் எவ்வாறு மறைந்தனர் என்ற வினாவுக்கு விடையாகிவிடாது.

எழக்கூடிய மறுப்பு

சிறைமீட்பாளரையும் எல்லை நீதிபதியையும் முன்னிறுத்துவது எல்லையை இணக்கத்தின் இடமாக அழகுபடுத்துவதாகும் என்ற மறுப்பு எழலாம். இது கருதத்தக்கதே. சிறைமீட்பாளர் இருந்தார் என்றால் சிறைப்பட்டோர் இருந்தனர் என்பதே அதன் பொருள். 1487இல் மாலகா வீழ்ந்தபோது அதன் மக்களுள் மிகப்பெரும்பாலோர் அடிமைகளாக்கப்பட்டனர். எல்லை நிறுவனங்கள் வன்முறையை ஒழிக்கவில்லை. அதனோடு வாழும் வழியை ஏற்படுத்தின.

எனினும் இம்மறுப்பு கோட்டைத்தடத்திற்குச் சார்பாக அமைவதில்லை. சிறைப்பட்டவரின் வழியைச் சொல்வதே வன்முறையை அதன் உண்மை அளவில் சொல்வதாகும். முற்றுகையை மட்டும் சொல்லும்போது வீரம் எஞ்சுகிறது. கடத்தப்பட்டவரையும் அவரை மீட்கப் பணம் திரட்டிய குடும்பத்தையும் சொல்லும்போது துன்பம் தெரிகிறது.

கஸ்தெயார்: இன்றைய வெளியேற்றம்

இச்சிக்கல் பழங்காலத்தோடு முடிவதில்லை. கஸ்தெயார் கோட்டைச் சுவருக்குள் ஒரு சிற்றூர் 20ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. குவாதர்ரான்கே நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது மக்களின் விளைநிலம் நீரில் மூழ்கியது. 1970களின் தொடக்கத்தில் அவர்களுள் பெரும்பாலோர் சமவெளியில் கட்டப்பட்ட புதிய கஸ்தெயாருக்குக் குடிபெயர்ந்தனர். காலியான வீடுகளில் பின்னர் வெளிநாட்டு இளைஞர்கள் குடியேறினர். இன்று கோட்டைக்குள் பயணியர் விடுதி இயங்குகிறது.

தடத்தில் வரும் பயணிக்கு மேலே உள்ள கஸ்தெயாரே ‘எல்லைப்புற ஊர்’. அவ்வூரின் தொடர்ச்சியான சமூகமோ கீழே உள்ளது. பழமையின் பெயரால் மேலுள்ளதைப் பார்த்துத் திரும்புபவர், எல்லைக்காலம் முதல் அண்மைக்காலம் வரை இந்நிலம் மக்களை இடம்பெயர்த்து வந்த வரலாற்றின் இறுதிப் பகுதியைத் தவறவிடுகிறார்.

முடிவுரை

கோட்டைகளைக் காண வேண்டாம் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அவை இல்லையேல் இவ்வூர்கள் பலவற்றுக்குப் பயணியே வரமாட்டார்; பாதுகாப்புக்குப் பொருளும் கிடைக்காது. கோட்டையை எவ்வாறு வாசிப்பது என்பதே வினா.

அதற்கு ஒரு முன்மாதிரி எல்லையிலேயே இருக்கிறது. 1341இல் காஸ்தில் வசமாகி 1492 வரை எல்லைக்காவலாக நின்ற அல்கலா லா ரியால் கோட்டையில், கிரனாடாவிலிருந்து தப்பிவரும் கிறித்தவச் சிறையாளிகளுக்கு இரவில் வழிகாட்ட விளக்கு ஏற்றப்பட்டது. அவ்விளக்கு எரிந்த கோபுரம் இன்றும் அதன் பெயராலேயே வழங்குகிறது. கோபுரத்தைப் போர்க்கட்டடமாக மட்டும் பார்ப்பவர் அதன் உயரத்தை அளப்பார். விளக்கை எண்ணிப் பார்ப்பவர் கீழே இருளில் நடந்துவந்தவரை நினைப்பார். எதிர்த்திசையில் கடத்திச் செல்லப்பட்ட முசுலிம்களுக்கு இத்தகைய விளக்கு இருந்ததா என்றும் கேட்பார்.

ஆகவே எல்லைப்புற மரபுத்தடங்களை ஆராய்வோர் மூன்றைக் கருத்தில் கொள்ளுதல் தகும். தடத்தின் பெயர் சுட்டும் காலமும் அது காட்டும் ஊர்களின் எல்லைக்காலமும் ஒன்றா என்று பார்த்தல். தடத்தின் திசையைத் தலைகீழாக்கி வாசித்தல். கோட்டைகளுக்கு இணையாக இடைநிலத்தின் சட்டங்களையும் பாடல்களையும் சான்றாகக் கொள்ளுதல். இம்மூன்றும் செய்யப்படும்போது, ஊர்ப்பெயரின் ஈற்றில் எஞ்சியுள்ள ‘எல்லைப்புறம்’ என்ற சொல் அங்கு வாழ்ந்தவரையும் அகற்றப்பட்டவரையும் ஒருங்கே சுட்டும்.